சின்ன டிராக்டர்: ஒரு தலை, பத்துக் கை!

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி. புதுச்சேரிக்குத் தூக்கம் இல்லாத இரவு அது.

ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுவைக்கு அருகில் கரையேறியது. கரையேறிய புயல் நகர்ந்து போவதுதான் வழக்கம். இந்தப் புயலோ பல மணி நேரம் அங்கேயே நின்றது. நின்றபடியே மழையைக் கொட்டித் தீர்த்தது.

மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கணக்குப் பார்த்தார்கள். 24 மணி நேரத்தில் 48 சென்டி மீட்டர் மழை!

48 சென்டி மீட்டர் என்றால் எவ்வளவு? ஏறக்குறைய ஒரு மனிதனின் முழங்கால் உயரம். ஆயிரம் சதுர அடியில் ஒரு வீடு. அந்த வீட்டின் மாடியில் மட்டும் விழுந்த தண்ணீர் 45 ஆயிரம் லிட்டர். ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்றால், ஊருக்கு எவ்வளவு!

தெருக்கள் ஆறுகள் ஆயின. ராணுவத்தினர் படகுகளில் வந்து ஜனங்களை மீட்டார்கள். அதற்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்தது. பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் வயல்களிலும் வெள்ளம் புகுந்தது.

தண்ணீர் ஒரு நாள் வடிந்துவிடும். ஆனால் அது வெறுங்கையோடு போவதில்லை. வாசலில் சேற்றை வைத்துவிட்டுப் போகிறது. தெருவில் மணலைப் பரப்பிவிட்டுப் போகிறது. முறிந்த கிளைகளையும், சாய்ந்த மரங்களையும், நனைந்த குப்பையையும் விட்டுப் போகிறது.

இவற்றை அகற்றுவது யார்? எதைக்கொண்டு அகற்றுவது?

பெரிய மண்வாரி யந்திரங்கள் உண்டு. ஆனால் அவை முதலில் போக வேண்டியது பெரிய சாலைகளுக்கு, ஆஸ்பத்திரிப் பாதைகளுக்கு. எட்டடிச் சந்துக்குள் அவை நுழையவும் முடியாது. அங்கே மண்வெட்டியும் கூடையும்தான் கதி.

மண்வெட்டிக்கும் பெரிய யந்திரத்துக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. அதுதான் சின்ன டிராக்டர்.

திண்ணையில் ஒரு பேச்சு

1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ந் தேதி சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அதனால் புதுவையில் பல வீடுகளுக்குப் பிரான்சில் உறவு. பெரியப்பா அங்கே இருப்பார். அத்தை அங்கே இருப்பார்.

விடுமுறைக்கு அவர்கள் வந்தால் திண்ணையில் பேச்சு எப்படி நடக்கும்?

"பெரியப்பா, அங்கே பனி கொட்டுமாமே! வீட்டை விட்டு எப்படி வெளியே வருவீர்கள்?"

"பட்டணத்தில் அவ்வளவு இல்லையப்பா. மலைப் பக்கத்துக் கிராமங்களில்தான் அதிகம். விடியற்காலையில் கடகடவென்று சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரில் வருவார். முன்னால் சாய்வாக ஒரு பெரிய இரும்புப் பலகை இருக்கும். அது பனியை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போகும்."

"டிராக்டரா? அது உழுகிற யந்திரம் அல்லவா?"

"கோடையில் உழும். குளிரில் பனி தள்ளும். டிராக்டர் ஒன்றுதான். மாட்டுகிற கருவிதான் வேறு."

பெரியப்பா சொன்ன கடைசி வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. புதுவையில் பனி பெய்வதில்லை. ஆனால் சேறு உண்டு; மணல் உண்டு; விழுந்த மரம் உண்டு. பனி நாட்டுக்காரன் பனிக்குச் செய்வதைப் புதுவைக்காரன் சேற்றுக்குச் செய்யலாம். இதற்குப் புது யந்திரம் தேவையில்லை. கருவியை மாற்றினால் போதும்.

சின்னது என்றால் எவ்வளவு சின்னது?

வயல்களில் சாதாரணமாகக் காணும் டிராக்டர் 40 முதல் 50 குதிரைச் சக்தி உள்ளது. எடை சுமார் 2 டன் இருக்கும்.

சின்ன டிராக்டர் 15 முதல் 30 குதிரைச் சக்தி உள்ளது. மிகச் சிறிய வகை ஒரு டன்னுக்கும் குறைவு. அகலம் மூன்று, நான்கு அடிதான். தென்னை வரிசைகளின் நடுவே போகும். சந்துக்குள் நுழையும். தோட்டத்துக் கதவுக்குள்ளும் புகுந்து திரும்பும்.

இந்தியாவில் இதைச் செய்யும் கம்பெனிகள் பல. பெங்களூரில் 1967-ல் தொடங்கிய வி.எஸ்.டி. கம்பெனி சின்ன டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் பேர் பெற்றது. மகேந்திரா, சுவராஜ், குபோட்டா முதலிய கம்பெனிகளும் சின்ன டிராக்டர்களை விற்கின்றன.

வெறும் டிராக்டரால் இழுக்க மட்டும்தான் முடியும். அதற்குக் கை கொடுப்பவை கருவிகள். ஒரு தலைக்குப் பத்துக் கை என்பார்களே, அது போல!

ஆகாயத்தில் பறந்தவர் வயலுக்கு வந்தார்

இந்தக் கைகளை மாட்டும் வழியைக் கண்டவர் யார்?

அவர் பெயர் ஹாரி பெர்குசன். அயர்லாந்துக்காரர். 1909-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி, தாமே செய்த விமானத்தில் ஏறிப் பறந்தார். அயர்லாந்தில் முதன் முதலாக விமானத்தில் பறந்தவர் அவர்தான்.

முதல் உலக யுத்த காலத்தில் அயர்லாந்து அரசாங்கத்தார் அவரிடம் டிராக்டர் வேலையை ஒப்படைத்தார்கள். விளைச்சலைப் பெருக்க வேண்டும். டிராக்டர்கள் ஒழுங்காக உழ வேண்டும். அதற்கு வழி சொல்ல வேண்டும்.

பெர்குசன் வயல் வயலாகப் போய்ப் பார்த்தார். அப்போதைய டிராக்டர், மாடு போலத்தான் கலப்பையை இழுத்தது. பின்னால் கலப்பை கட்டியிருக்கும். அது ஒரு கல்லில் மாட்டிக்கொண்டால் வந்தது ஆபத்து! கலப்பை நகராது. சக்கரமோ சுற்றும். டிராக்டரின் முன்பக்கம் குதிரை போல மேலே எழும்பும். அப்படியே மல்லாந்து ஓட்டுகிறவர் மேல் விழும். இப்படி உயிர் இழந்தவர் பலர்.

பெர்குசன் யோசித்தார். கலப்பை தனியாகவும் டிராக்டர் தனியாகவும் இருப்பதுதான் குற்றம் என்று கண்டார். இரண்டையும் ஒரே உடம்பாக ஆக்கினார்.

எப்படி? டிராக்டரின் பின்னால் மூன்று இரும்புக் கைகளை வைத்தார். கீழே இரண்டு, மேலே ஒன்று. கலப்பையை இந்த மூன்றிலும் மாட்டினார். கீழ்க் கைகளைத் தூக்கவும் இறக்கவும் எண்ணெய் அழுத்தத்தை வைத்தார். கலப்பை கல்லில் மோதினால் மேல் கை டிராக்டரை முன்னுக்குத் தள்ளும். முன் சக்கரம் எழும்பாமல் தரையில் அழுந்தி நிற்கும்.

1936-ல் இந்த முறையில் செய்த டிராக்டர் விற்பனைக்கு வந்தது. 1938-ல் பெர்குசன் அமெரிக்காவுக்குப் போய் மோட்டார் மன்னர் ஹென்றி போர்டைப் பார்த்தார். பேசினார்கள். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. கை குலுக்கி ஒப்பந்தம் செய்தார்கள்! 1939-ல் போர்டு டிராக்டரிலும் மூன்று கைகள் முளைத்தன. இன்று உலகம் எங்கும் டிராக்டரின் பின்னால் தெரிகிற மூன்று கைகள் அவைதான்.

தென் துருவத்தில் ஒரு வயல் டிராக்டர்

1953-ல் டென்சிங்கோடு எவரெஸ்ட் சிகரத்தில் ஏறிய எட்மண்ட் ஹில்லாரியை எல்லோருக்கும் தெரியும். அவர் பிறகு தென் துருவத்துக்குப் போனார். எதில் போனார் தெரியுமா? பெர்குசன் டிராக்டரில்!

வயலில் உழுவதற்காகச் செய்த சின்ன டிராக்டர்கள் அவை. 30 குதிரைச் சக்திக்கும் குறைவு. பனியில் புதையாமல் இருக்கச் சக்கரங்களின் மேல் பட்டைச் சங்கிலி போட்டார்கள். மூன்று டிராக்டர்கள் ஊர்ந்து ஊர்ந்து, 1958-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி தென் துருவத்தை அடைந்தன. மோட்டார் வண்டியில் தரை வழியாகத் தென் துருவம் சென்ற முதல் கூட்டம் இதுதான்.

மாசி பெர்குசன் என்ற பெயரை நம் நாட்டு உழவர்களும் அறிவார்கள். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனி அந்த டிராக்டர்களைச் செய்யத் தொடங்கியது.

பெரிய காரியத்துக்குப் பெரிய யந்திரம்தான் வேண்டும் என்பதில்லை. ஆனால் எல்லாக் காரியத்துக்கும் சின்னது போதும் என்பதும் இல்லை. காஷ்மீரில் சோஜிலா கணவாய் பதினோராயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே வீட்டு உயரத்துக்குப் பனி குவியும். அதை அகற்றுவது எல்லைச் சாலை அமைப்பு. 1960-ம் ஆண்டு மே 7-ந் தேதி தொடங்கிய அமைப்பு அது. அங்கே ராட்சச யந்திரங்கள்தான் வேலைக்கு ஆகும். வாசலுக்கும், தெருவுக்கும், தோட்டத்துக்கும் சின்னது போதும்.

பனி வேறு, சேறு வேறு

பனி தள்ளும் கருவியைக் கொண்டுவந்து அப்படியே சேற்றைத் தள்ளலாமா? கூடாது. காரணம் எடை.

பத்தடிக்குப் பத்தடி ஒரு முற்றம். அதில் ஓர் அடி உயரம் புதுப் பனி கிடந்தால் எடை சுமார் 300 கிலோ. அதே முற்றத்தில் ஓர் அடி உயரம் ஈரச் சேறு கிடந்தால் எடை ஏறக்குறைய 5 டன்!

பனி பஞ்சு போன்றது. அதனால் அகலமான பலகையால் தள்ளுகிறார்கள். அகலமான வாளியால் அள்ளுகிறார்கள். சுற்றும் திருகால் பனியை வாரிக் குழாய் வழியாகத் தூர எறியும் யந்திரமும் உண்டு. கனடா நாட்டில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் 1925-ல் ஆர்தர் சிக்கார் என்பவர் அதைச் செய்தார்.

சேற்றுக்கு இது ஒன்றும் ஒத்து வராது. சேற்றுக்குக் குறுகலான வாளி வேண்டும். முக்கால் வாளிதான் அள்ள வேண்டும். சின்ன டிராக்டரின் முன் வாளி சில நூறு கிலோதான் தூக்கும். பேராசைப்பட்டு நிறைய அள்ளினால் பின் சக்கரம் எழும்பிவிடும். அதனால் முன்னால் வாளி மாட்டும்போது பின்னால் பாரம் கட்டுவது வழக்கம்.

எந்தக் கைக்கு என்ன வேலை?

புதுவையில் ஒரு சின்ன டிராக்டருக்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு.

சமன் பலகை: பின்னால் மாட்டுவது. மணலை இழுத்துப் பரப்பும். பள்ளமான பாதையைச் சமப்படுத்தும். தெருவில் படிந்த வண்டலை ஓரமாக ஒதுக்கும்.

முன் வாளி: சேறு, மணல், குப்பை அள்ளும். எருவையும் செங்கல்லையும் சுமக்கும்.

டிரெய்லர்: அள்ளியதை ஏற்றிப் போகும். மனிதர்கள் ஏறுவதற்கு அல்ல.

தண்ணீர்ப் பம்பு: டிராக்டரின் சுழல் தண்டில் மாட்டுவது. தேங்கிய தண்ணீரை வாய்க்காலுக்கு இறைக்கும்.

மட்டை தூளாக்கும் யந்திரம்: புயலில் விழுந்த கிளைகளையும் தென்னை மட்டைகளையும் தூளாக்கும். தூள், மரத்தடிக்கு மூடாக்கு ஆகும். எரித்துப் புகை மூட்ட வேண்டியதில்லை.

குழி தோண்டும் திருகு: மரக் கன்றுக்கும் வேலிக் காலுக்கும் குழி போடும். புயலில் விழுந்த மரத்துக்குப் பதில் மரம் நட இது உதவும்.

மின்சார டைனமோ: கரண்டு போன நாளில் ஒரு மோட்டாரை ஓட்டிக் குடிதண்ணீர் ஏற்றும். ஆனால் இதை வீட்டு மின்சார வயரில் சொருகக் கூடாது. மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். கம்பம் ஏறி வேலை செய்யும் தொழிலாளியின் உயிருக்கு ஆபத்து.

இவை தவிர உழவுக் கலப்பையும், ரோட்டவேட்டரும், மருந்து தெளிக்கும் கருவியும் இருக்கவே இருக்கின்றன.

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலையில் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. தெருவெல்லாம் மரங்கள் விழுந்தன. 2020-ல் நிவர் வந்தது. 2024-ல் ஃபெஞ்சல். தானேயில் முக்கிய வேலை மரம் அகற்றுவது. ஃபெஞ்சலில் முக்கிய வேலை தண்ணீரும் சேறும். புயலுக்குப் புயல் வேலை மாறுகிறது. ஆகையால் ஒரே வேலைக்கு ஒரு யந்திரம் வாங்குவதைவிட, கருவி மாற்றும் யந்திரம் மேல்.

உதவும் கை உயிரையும் எடுக்கும்

டிராக்டர் சின்னது. ஆபத்து சின்னது அல்ல. இதை வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளை, தெரியாத தாத்தாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

முதல் எமன், சுழல் தண்டு. டிராக்டரின் பின்னால் இருக்கிறது. பம்பையும் மட்டை யந்திரத்தையும் சுற்றுவது இதுதான். நிமிஷத்துக்கு 540 சுற்று. அதாவது, 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் 9 சுற்று! வேட்டி முனையோ, தோள் துண்டோ, சேலைத் தலைப்போ, பின்னலோ அதில் பட்டால் அவ்வளவுதான். கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. ஆகையால் தண்டின் மேல் மூடி இருக்க வேண்டும். மூடி உடைந்தால் வேலையை நிறுத்த வேண்டும். தண்டு ஓடும்போது யாரும் அதைத் தாண்டக் கூடாது. வேட்டியை மாற்றிவிட்டு, உடம்போடு ஒட்டிய உடை போட்டுத்தான் வேலைக்கு வர வேண்டும்.

இரண்டாவது எமன், கவிழ்வது. விழுந்த மரத்தை இழுக்கும்போது இது நடக்கும். சங்கிலியை டிராக்டரின் உயரமான இடத்தில் கட்டி இழுப்பார்கள். மரம் வராது, டிராக்டர் மல்லாந்துவிடும். பெர்குசன் கண்ட பழைய ஆபத்து இதுவே. சங்கிலியைக் கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் கட்ட வேண்டும். மரத்தை முதலில் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். பிறகு மெதுவாக இழுக்க வேண்டும்.

சுவீடன் நாட்டில் 1959-லேயே ஒரு சட்டம் செய்தார்கள். புது டிராக்டர் எதுவானாலும் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்க வேண்டும் என்றார்கள். டிராக்டர் கவிழ்ந்தாலும் அந்த இரும்பு தாங்கிக்கொள்ளும். அதன் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது வெகுவாகக் குறைந்தது. டிராக்டர் வாங்குகிறவர்கள் இந்தக் காப்புச் சட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அதோடு இடுப்புப் பட்டையும் கட்ட வேண்டும். பட்டை இல்லாவிட்டால், கவிழும்போது ஆள் வெளியே விழுந்து, அதே இரும்பின் கீழ் சிக்குவார்.

மூன்றாவது எமன், தண்ணீருக்குள் மறைந்த சாக்கடை. வெள்ளம் நிற்கும் தெருவில் சாலை எது, சாக்கடை எது என்று தெரியாது. ஒருவர் கம்பை ஊன்றி முன்னால் நடந்து பார்த்த பிறகே டிராக்டர் போக வேண்டும். சக்கரத்தின் நடு அச்சுக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்கவே கூடாது.

நான்காவது எமன், அறுந்த மின்கம்பி. மரத்தோடு கம்பியும் விழுந்திருக்கும். மின்சாரம் நின்றுவிட்டது என்று மின்சார இலாகாவினர் சொன்ன பிறகே மரத்தைத் தொட வேண்டும்.

ஐந்தாவது எமன், நம் செல்லம். "மாமா, நானும் வருகிறேன்!" என்று பிள்ளை ஓடி வரும். சக்கர மூடியின் மேல் உட்கார வைத்துக்கொள்வார் மாமா. ஒரு குலுக்கல் போதும். பிள்ளை பின் சக்கரத்தின் கீழ். டிராக்டரில் ஓர் ஆசனம்தான். ஓர் ஆள்தான். அழுதாலும் பிள்ளையை ஏற்றாதீர்கள். அந்த அழுகை சிறிது நேரத்தில் நின்றுவிடும்.

வேலை முடிந்ததும் வாளியையும் கருவியையும் தரையில் இறக்கி வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

ஆளுக்கு ஒன்று வாங்குவதா?

இவ்வளவும் படித்ததும், "நாமும் ஒன்று வாங்கிவிடலாமா?" என்று சிலருக்குத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

டிராக்டரும் கருவிகளும் பல லட்ச ரூபாய்ப் பொருள். ஓர் ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் 20 நாள் வேலை இருக்கும். மற்ற 345 நாள் டிராக்டர் கொட்டகையில் தூங்கும். ஆனால் கடன் தூங்குமா? வட்டி தூங்குமா? கடல் காற்றில் இரும்பு துருப் பிடிப்பது மட்டும் நிற்குமா?

இதற்கும் பிரான்சு நாட்டில் ஒரு வழி உண்டு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945-ல், அங்குள்ள உழவர்கள் யந்திரக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கத் தொடங்கினார்கள். தனியாக வாங்க முடியாத யந்திரத்தைச் சிலர் சேர்ந்து வாங்குவார்கள். முறை வைத்து உபயோகிப்பார்கள். செலவைப் பங்கு போடுவார்கள். இப்போது அங்கே இப்படிப்பட்ட சங்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

இந்தியாவிலும் 2014-15-ல் விவசாய யந்திரங்களுக்கான ஒரு திட்டத்தை மத்திய அரசாங்கம் தொடங்கியது. யந்திர வாடகை மையங்கள் அமைக்க அதில் மானியம் வைத்தார்கள். மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்தால் கடனும் இல்லை, கொட்டகையும் வேண்டாம்.

டிராக்டர் உழவருடையது, பலகை ஊருடையது!

எல்லாவற்றையும்விட நம் கவனத்துக்கு உரிய செய்தி ஒன்று உண்டு.

பிரான்சில் ஒரு சிக்கல் இருந்தது. பனி கொட்டும் சின்ன ஊர்களில் சாலையைச் சுத்தம் செய்ய ஊராட்சிக்குப் போதிய யந்திரம் இல்லை. உழவரிடமோ டிராக்டர் இருக்கிறது. குளிர் காலத்தில் வயலில் வேலை குறைவு. ஆனால் வயல் டிராக்டரைச் சாலை வேலைக்கு விடலாமா?

1999-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி ஒரு சட்டம் வந்தது. உழவர் தம் சொந்த டிராக்டரில் ஊருக்காகப் பனி அகற்றலாம் என்று அது சொன்னது. டிராக்டர் உழவருடையது. முன்னால் மாட்டும் பனிப் பலகை ஊராட்சியுடையது. ஊராட்சி பெரிய யந்திரம் வாங்கி ஆண்டு முழுவதும் பூட்டி வைக்க வேண்டியதில்லை. பலகை மட்டும் வாங்கினால் போதும்.

அந்த நாட்டில் ஊராட்சிக்குப் பெயர் 'கொம்யூன்'. இந்தச் சொல் புதுவை மக்களுக்குப் புதிதா? இல்லவே இல்லை! பிரெஞ்சு ஆட்சி போயும் அந்தச் சொல் போகவில்லை. அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் ஆகிய ஐந்தும் புதுவைப் பகுதியின் கொம்யூன் பஞ்சாயத்துகள். புதுச்சேரியும் உழவர்கரையும் நகராட்சிகள். நகருக்குச் சற்று வெளியே வந்தால் வயல். வயலுக்கு அருகே டிராக்டர். பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்பார்கள்.

சொல் இங்கே இருக்கிறது. டிராக்டரும் இங்கே இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாடு.

ஐப்பசி பிறந்தால் அடைமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். புயல் வந்த பிறகு டிராக்டரைத் தேடி ஓடுவதில் பயன் இல்லை. ஆடியிலேயே பெயர் எழுத வேண்டும். எந்தத் தெருவுக்கு யார் டிராக்டர்? யாருக்கு உரிமம் உண்டு? யாருக்குப் பழக்கம் உண்டு? வாளியும் பலகையும் பம்பும் எங்கே இருக்கும்? மணிக்கு என்ன கூலி? டீசல் யார் கணக்கு? விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்சு யார் பொறுப்பு? இந்த ஏழு கேள்விகளுக்கும் வெயில் அடிக்கும் நாளில் பதில் எழுதி வைத்துவிட்டால், மழை நாளில் தகராறு இருக்காது.

சின்ன டிராக்டர் புயலைத் தடுக்காது. 48 சென்டி மீட்டர் மழையை 47 ஆக்காது. ஆனால் மழை விட்ட மறுநாள் காலையில், சந்துக் கோடியில் இருக்கும் பாட்டியின் வாசலுக்கு வழி விட அதனால் முடியும். ஆம்புலன்சு உள்ளே வர முடியும். பால்காரர் வர முடியும். பிள்ளை பள்ளிக்கூடம் போக முடியும்.

அதற்குத் தலை ஒன்று, கை பத்து. அந்தக் கைகளை ஊருக்காக மாட்டி வைக்கும் வேலைதான் பாக்கி!